மரச்செதுக்கு அச்சின் 'இனிஷியல்': 'முகப்பெழுத்து' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய அச்சு நூல்களில் பத்தியின் தொடக்கத்தில் பெரிதாக, அழகு வேலையோடு நிற்கும் எழுத்தை ஆங்கிலத்தில் 'இனிஷியல்' என்பார்கள். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட அந்த எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் நம் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளில் 'முதலெழுத்து' வேண்டாம். உயிரும் மெய்யுமாக முப்பது எழுத்துக்கும் இலக்கணம் வைத்த பெயர் அது. 'தலைப்பெழுத்து' என்றால் நம் பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல்தான் நினைவுக்கு வரும். 'அலங்கார எழுத்து' கல்யாணப் பத்திரிகைக்கும் பொருந்தும். பத்தியைத் தொடங்கி வைக்கும் எழுத்து என்பது அதில் இல்லை.

என் பரிந்துரை: முகப்பெழுத்து. வீட்டு முகப்பு, சங்கிலி முகப்பு இரண்டிலுமே முன்னால் நிற்பதும் அழகு செய்வதும் சேர்ந்திருக்கின்றன. நமக்கு வேண்டியதும் அதுதான்.

வகைகளுக்கும் இது நன்றாக இடம் கொடுக்கிறது. வெனிஸில் எர்ஹார்ட் ரட்டோல்ட் 1482இல் அச்சிட்ட யூக்ளிட்டின் வடிவியல் நூலைப் பாருங்கள். கறுப்புக் கட்டத்துக்குள் எழுத்தும் அதைச் சுற்றிய கொடியும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை எல்லாம் கத்தி எடுத்த இடம். கறுப்பு, கத்தி படாமல் மை வாங்கிய பரப்பு. இதைக் 'கொடி முகப்பெழுத்து' எனலாம்.

உருவங்கள் வந்தால் 'உருவ முகப்பெழுத்து'. 1543இல் பாசெலில் வெளிவந்த வெசாலியஸின் உடற்கூற்றியல் நூலில் இவை அற்புதமாக இருக்கும். பெரிய 'க்யூ' எழுத்துக்குள் கொழுகொழு குழந்தைகள் கூடிப் பன்றியை அறுக்கிறார்கள். இன்னொன்றில் கல்லறையைத் தோண்டிப் பிணம் எடுக்கிறார்கள். அன்றைய உடற்கூற்றியலாளர் பட்ட பாடு முழுவதும் அந்தச் சின்னக் கட்டங்களுக்குள் இருக்கிறது! இவற்றை வெறும் அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'மரச்செதுக்கு' என்ற அடையையும் விடக்கூடாது. தொடக்ககால அச்சு நூல்கள் பலவற்றில் இந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்புறம் ஓவியர் கையால் வரைவார். மரக்கட்டையோ ஈய எழுத்தின் உயரத்துக்கே இருக்கும். அதனால் அச்சுக்கோத்த வரிகளோடு ஒரே ஃபாரத்தில் (அச்சுக்கோத்ததை இறுக்கும் சட்டத்தில்) பூட்டி, ஒரே இழுப்பில் அச்சிட முடிந்தது. ஆகவே கையால் வரைந்தது 'வரை முகப்பெழுத்து', கட்டையில் அச்சானது 'மரச்செதுக்கு முகப்பெழுத்து'.

இனி 'ஃபாக்டோட்டம்' என்ற கட்டை. சுற்றிலும் பூவேலை, நடுவில் சதுரத் துளை. வேண்டிய ஈய எழுத்தை அதில் செருகிக்கொள்ளலாம். ஒரே கட்டை எல்லா எழுத்துக்கும் உதவும். இதற்குத் 'துளைக்கட்டை' போதும் என்று நினைக்கிறேன். பழைய அச்சகங்களில் வேலை பார்த்தவர்கள் இதற்கு வேறு பெயர் புழங்கியிருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.