கரண்ட் போனால் 34 விஎம்மையும் அணைக்க ஸ்கிரிப்ட் எழுதினேன், பாதியில் நின்றுவிட்டது

வடசேரிக்காரன்:
நாகர்கோவிலில் சின்ன ஆபீஸ். 3 இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டுகிற சர்வர்), அவற்றில் 34 விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி), எல்லாவற்றையும் நிர்வகிப்பது ஒரே விசென்டர். யுபிஎஸ் 25 நிமிடம் தாங்கும். ஜெனரேட்டர் உண்டு, அதைப் போடுகிற அண்ணன் ராத்திரி இருக்க மாட்டார். ஐப்பசி மழையில் கரண்ட் போனபோது பிரவுசரில் ஒவ்வொன்றாக அணைத்தேன். 19-வதில் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

அப்புறம் பவர்சிஎல்ஐயில் (விஎம்வேரைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) இரண்டே வரி: கெட்-விஎம் கொடுக்கும் பட்டியலை அப்படியே ஸ்டாப்-விஎம்முக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். நடுவில் இணைப்பு அறுந்து, 11 விஎம் ஓடிக்கொண்டே இருந்தன. அணைந்த டேட்டாபேஸ் சர்வர் எழுந்து வர முக்கால் மணி நேரம். எங்கே தப்பு?

தக்கலை_சர்வர்:
மக்கா, நுனிக்கிளையில் உட்கார்ந்து அடியை வெட்டின கதைதான். விசென்டரும் அந்த 34-ல் ஒன்றுதானே? அதன் முறை வந்ததும் அணைத்துவிட்டாய். அப்புறம் ஸ்கிரிப்ட் யாரிடம் பேசும்?

ஸ்டாப்-விஎம் என்பது பிளக்கைப் பிடுங்குகிற வேலை. உனக்கு வேண்டியது ஸ்டாப்-விஎம்கெஸ்ட். உள்ளே இருக்கிற விண்டோஸையோ லினக்ஸையோ முறையாக மூடச் சொல்லும். விஎம்முக்குள் நிறுவுகிற விஎம்வேர் டூல்ஸ் ஓடினால்தான் வேலை செய்யும். சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும், அணைந்ததா என்று காத்திருக்காது. அதனால் 10 விநாடிக்கு ஒருமுறை பவர்ஸ்டேட் (ஓடுகிறதா, அணைந்ததா) பார்க்கிற லூப் போடு. 5 நிமிடத்திலும் அணையாததற்கு மட்டும் ஸ்டாப்-விஎம்.

முதலில் அப்ளிகேஷன் சர்வர்கள், பிறகு டேட்டாபேஸ், டொமைன் கன்ட்ரோலர் (லாகின்களைச் சரிபார்க்கிற சர்வர்), கடைசியில் விசென்டர். விஎம்களுக்கு இந்த வரிசைப்படி டேக் போட்டு வைத்தால் ஸ்கிரிப்டில் பெயர் பெயராக எழுத வேண்டாம். விசென்டர் எந்த ஹோஸ்டில் இருக்கிறது என்பதை ஸ்கிரிப்ட் தொடக்கத்திலேயே கேட்டு வைக்கட்டும், சுமையைப் பார்த்து விஎம்களை ஹோஸ்ட் மாற்றுகிற டிஆர்எஸ் அதை நகர்த்தியிருக்கும். விசென்டர் போனபின் ஹோஸ்டுகளுக்கு நேராக இணைய கனெக்ட்-விஐசர்வர் கட்டளை.

குளச்சல்_காற்று:
அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். உங்கள் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றுவது) அந்த டொமைன் கன்ட்ரோலரில்தானே இருக்கும்? அது அணைந்தபின் ஹோஸ்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கிடைக்காது, ஐபி எண்ணையே எழுதுங்கள். நெட்வொர்க் ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2017-ல் ஒக்கி புயலன்று எங்கள் ஸ்கிரிப்டில் ஒரு குறையும் இல்லை; ஸ்விட்ச்தான் முதலில் செத்தது.

வடசேரிக்காரன்:
போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில்தான் இருக்கிறது. நான் லேப்டாப்பை இணைக்கிற வைஃபை ரவுட்டர் சாதா பிளக்கில்! டூல்ஸ் இல்லாத விஎம் 6. வரும் ஞாயிறு, முதலில் வாட்இஃப் (எதையும் அணைக்காத ஒத்திகை) போட்டு ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.