ஹென்ரிக் க்ரூட்: போலந்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவர், சூரிச்சுக்குப் பயிற்சி கொடுத்தவர்

பக்_பாண்டி:
க்ரூட் பெயரை எடுத்தாலே "போலந்தின் ஆகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1957இல் கடோவீட்சேயில் பிறந்தவர்; 1980, 84, 88, 92 என நான்கு ஒலிம்பிக்; தேசிய அணிக்கு 200 ஆட்டங்களுக்கு மேல்; 2006இல் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் இடம். இதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததில்தான் சண்டை. ஆடி முடித்தவர் பல வருஷம் சூரிச்சின் இளையோர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் சுவிஸ் 10வது, போலந்து 11வது. அதற்குப் பின் சுவிஸ் உலகப் போட்டியில் நான்கு வெள்ளி வாங்கிவிட்டது (2013, 2018, 2024, 2025). போலந்து 2002இல் மேல்பிரிவிலிருந்து விழுந்தது, திரும்பி வர 2024 ஆனது. நம் ஆளின் உழைப்பு யாருக்குப் போனது என்று கேட்கக்கூடாதா?

நீலக்கோடு:
கேளுங்கள், ஆனால் சுவிஸ் வாங்கிய நான்கு வெள்ளியையும் ஒரே மனிதர் கணக்கில் எழுதாதீர்கள். அவர் ஆடிய காலத்தில் கடோவீட்சே, திஹி கிளப்புகளைத் தாங்கியது நிலக்கரிச் சுரங்கங்கள். 1989க்குப் பிறகு சுரங்கங்களே தள்ளாடின. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கவே திணறிய இடத்தில் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு முழுநேரப் பயிற்சியாளரை யார் வைத்திருப்பார்கள்? நாட்டுப்பற்றைக் காட்டி ஒருவரைச் சும்மா வேலை செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்காத பேச்சு.

குளிர்கண்ணாடி:
அப்புறத்தை விடுங்கள். "ஆகச் சிறந்த தற்காப்பு" என்ற முதல் பாதியையே நான் ஏற்கவில்லை. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் சோவியத் போலந்துக்கு எதிராக 12 கோல் போட்டது. முடிவு 12–1. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் பின்லாந்தை 5–4 என்று ஜெயித்தார்கள், கொண்டாடலாம். அதே போட்டியில் நெதர்லாந்திடம் 5–3 என்று தோற்றார்கள். 1986 மாஸ்கோ உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவை வீழ்த்திவிட்டு அதே ஆண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்கினார்கள். தற்காப்பு இவ்வளவு நல்லதென்றால் இது எப்படி நடக்கிறது?

நீலக்கோடு:
சரி, நீங்கள் எடுத்த போட்டிகளிலிருந்தே பேசுவோம். 1986இல் செக்கோஸ்லோவாக்கியா முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன். போலந்து ஜெயித்தது 2–1. அது முன்வரிசை அள்ளிப் போட்ட ஆட்டம் இல்லை, பின்வரிசை பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஆட்டம். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் கனடாவிடம் கனடாவிலேயே 1–0 என்றுதான் தோற்றார்கள். அந்த முறை வெண்கலம் வாங்கிய ஸ்வீடனோடு 1–1. பிரான்ஸை ஜெயித்தது மட்டும் சக வீரர் ஒருவரின் ஊக்கமருந்து விவகாரத்தால் பறிபோனது. கோல் போட ஆளில்லாத அணி ஸ்வீடனையும் கனடாவையும் ஒரே ஒரு கோலில் நிறுத்தியது. அதில் பின்வரிசைக்குப் பங்கில்லை என்றால் எதற்குத்தான் பங்கு? 12–1 எடுத்துப் போடுவது சுலபம். அந்தச் சோவியத் அணி அங்கே ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வாங்கியது.

குளிர்கண்ணாடி:
கோல் கீப்பரும் இருந்தார் ஐயா அந்தப் பக்கம்.

லிம்மத்_கரை:
நான் இங்கே சூரிச்சில் இருக்கிறேன். மகன் ஹொக்கி விளையாடுகிறான் என்பதால் சொல்கிறேன், இளையோர் பயிற்சி என்றால் என்ன என்று பலருக்குத் தெரியவில்லை. விடியக் காலமையில், உறக்கம் கலையாத பிள்ளைகளின் சப்பாத்துக் கயிற்றைத் தகப்பன்மார் இழுத்துக் கட்டிவிட, பிள்ளைகள் பனித்தளத்தில் இறங்குவார்கள். முக்கால்வாசி நேரம் பின்பக்கமாகச் சறுக்குவதுதான் பாடம். எதிராளி வேகமாக வரும்போது பக்கை (தடியால் அடிக்கும் ரப்பர் வட்டை) பார்க்காதே, அவன் நெஞ்சைப் பார். தடியை நீட்டி நடுவழியை மூடு. அவனைப் பலகைச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போ. இதையே பத்து வருஷம் சொல்ல வேண்டும். கோல் போடும் பிள்ளையின் படம் பேப்பரில் வரும், இந்தப் பிள்ளையின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தற்காப்பில் ஆடி வந்தவருக்குத்தான் இந்த வேலையில் பொறுமை இருக்கும் என்று நினைக்கிறேன். யோனஸ் சீகென்தாலர் போன்ற தற்காப்பு வீரர் இந்தச் சூரிச் இளையோர் அமைப்பிலிருந்துதான் வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்ஹெச்எல் வரை போனவர்.

பக்_பாண்டி:
அண்ணா, பையன் நன்றாக வரட்டும். ஆனால் சீகென்தாலரை க்ரூட் கணக்கில் சேர்ப்பதற்கு ஆதாரம் எங்கே?

லிம்மத்_கரை:
சேர்க்கவில்லை தம்பி. அமைப்பு எது என்றுதான் சொன்னேன். நீங்கள்தான் வெள்ளிப் பதக்கங்களைச் சேர்த்தீர்கள்.

பக்_பாண்டி:
சரி, நேராகக் கேட்கிறேன். போலந்தை மறுபடி மேல்பிரிவுக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் ரோபர்ட் கலாபெர், ஸ்லோவாக்கியாக்காரர். 2023 நாட்டிங்ஹாமில் கீழ்ப்பிரிவில் இரண்டாமிடம், அதனால் 2024 ஆஸ்ட்ராவாவில் மேல்பிரிவு ஆட்டங்கள். அங்கே ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை, இறங்கிவிட்டார்கள். ஆனாலும் லாட்வியாவைக் கூடுதல் நேரம் வரை இழுத்தார்கள். வெளியூர்க்காரர் வந்து செய்ய முடிந்தது என்றால் கடோவீட்சேயில் பிறந்தவர் முயன்றிருக்கலாம்.

நீலக்கோடு:
கலாபெர் வந்தது வெறுங்கையோடு இல்லை. போலந்தின் யஸ்ட்ஷெம்பியே கிளப் அவரை வைத்து வளர்த்தது, 2021இல் போலந்து லீக் சாம்பியனும் ஆனது. தொண்ணூறுகளில் அப்படி ஒரு கிளப்பைக் காட்டுங்கள்.

பக்_பாண்டி:
காட்டுகிறேன். உனியா ஓஷ்வியென்ச்சிம் கிளப், 1998 முதல் 2004 வரை வரிசையாக ஏழு முறை சாம்பியன். உள்ளூர் ரசாயன ஆலை காசு போட்டது. காசே இல்லை என்ற கதையை இனியும் சொல்லாதீர்கள்.

குளிர்கண்ணாடி:
பாண்டி, அந்த ஏழு வருஷத்துக்கு நடுவில்தானே 2002 வருகிறது? லீக்கில் அசைக்க முடியாத ஒரு கிளப் இருந்தபோதே தேசிய அணி விழுந்திருக்கிறது. அப்படியானால் அந்த ஆலைக் காசு பெரிய அணியைத் தாண்டிப் பையன்களிடம் எவ்வளவு இறங்கியது? அதைச் சொல்லிவிட்டு க்ரூட்டைக் குறை சொல்லுங்கள்.