புதுப்பிப்பு: மகிழடித்தீவு நட்டஈடு

போன கிழமை, இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நடந்த மகிழடித்தீவுப் படுகொலை (1991 ஜூன் 12) பற்றி எழுதினேன். கண்ணிவெடியில் இரண்டு படையினர் செத்ததற்கு இலங்கை இராணுவம் ஊர்ச்சனத்தின் மேல் தீர்த்த பழி. ‘குடும்பங்களுக்கு ஏதும் கிடைத்ததா?’ என்று கேட்டிருந்தீர்கள்.

சனாதிபதி விசாரணை ஆணைக்குழு, மோதலுக்கு இடையில் அகப்பட்டுச் செத்தார்கள் என்ற படைத்தரப்புக் கதையை ஏற்கவில்லை. 67 பேர் கொல்லப்பட்டதாகக் கண்டு, உறவினருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தண்டனைதான் நெஞ்சை அடைக்கிறது: இராணுவ நீதிமன்றில் கட்டளை அதிகாரிக்கு மட்டும் பதவி நீக்கம். அதுவும் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கும் உடல்களைச் சட்டவிரோதமாக அகற்றியதற்கும். கொலைக்கு அல்ல!

ஒரு திருத்தம். போன பதிவில் 1987 ஜனவரி இறால் பண்ணைக் கொலைகளை இதோடு குழப்பிவிட்டேன். அதுவும் கொக்கட்டிச்சோலைப் பக்கம்தான், ஆனால் வேறு சம்பவம். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.