பழைய மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டர்: பிஸ்டன் பிடித்துக்கொண்டது, இழுத்துப் பார்க்கலாமா?

கல்லல் சம்சாரி:
அப்பா ஓட்டிய வண்டி, மூன்று சிலிண்டர். ரொம்ப நாளாகக் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் கிடந்தது. சைலன்சர் வாயில் கவிழ்த்திருந்த டப்பா எப்போது பறந்ததோ, ஐப்பசி மழை உள்ளே இறங்கியிருக்கிறது. புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், ஃபேன் அசையவில்லை. இரண்டாம் கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுத்தால் விட்டுவிடும் என்கிறார்கள். இழுக்கலாமா?

சிங்கம்புணரி ஒர்க்‌ஷாப்:
வேண்டாம் தம்பி. பிடித்திருக்கிற ஒரு பிஸ்டனின் ராடில் (பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்கோடு இணைக்கிற தண்டு) வண்டியின் மொத்த பாரமும் விழுந்தால் ராடு வளையும், சிலிண்டரில் தண்ணீர் மிச்சமிருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் அமுங்காது. முதலில் ஆயில் பிளக்கைத் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள். அப்புறம் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, இறக்கிவிடுங்கள். டீசல் தெளிக்கிற நாசில் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு, ஆனால் துருவைக் கண்ணால் பார்க்காமல் என்ன வைத்தியம்? வண்டி நின்றபோது எதில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, பெரும்பாலும் அந்தச் சிலிண்டர்தான் பிடித்திருக்கும்.

தேவகோட்டை டீசல்:
அண்ணன் சொல்வது சரி. லைனரில் (சிலிண்டரின் உள்குழாய்) தெரிகிற துருவை எமரித்தாளால் தேய்த்துவிட்டு, பவர் ஸ்டீரிங் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து பிஸ்டன் மேல் ஊற்றுங்கள். இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். அசிட்டோன் குப்பென்று பற்றும், பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

கல்லல் சம்சாரி:
ஹெட் இறக்கியாச்சு, நடுச் சிலிண்டர்தான். மேலிருந்து சம்மட்டியால் ஒன்று போடலாமா?

சிங்கம்புணரி ஒர்க்‌ஷாப்:
பிஸ்டன் எங்கே நிற்கிறது? உச்சியிலோ அடியிலோ நின்றால் அடி அப்படியே கிராங்குக்குத்தான் போகும், பிஸ்டனுக்கு நகர இடமே இருக்காது. நடுவாக்கில் நின்றால், துளைக்குக் கொஞ்சம் சிறிதாக வேப்பங்கட்டை செதுக்கி, பிஸ்டன் தலைக் குழியில் படாமல் ஓரத்தில் உட்கார்கிற மாதிரி வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், திரும்ப ஆயில் விட்டு விடியட்டும் என்று விடுங்கள். அசையவே இல்லை என்றால் இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் சேம்பரை இறக்க வேண்டியதுதான். இறக்குமுன் முன்பக்கத்துக்கு நல்ல முட்டுக் கொடுங்கள், வண்டியின் பாரத்தைச் சேம்பரும் தாங்குகிற அமைப்பாக இருந்தால் ஆபத்து. ராடின் கீழ்முனையைக் கிராங்கோடு பூட்டுகிற பிக் எண்ட் கேப்பை எந்தப் பக்கம் எது என்று குறித்துவைத்துக் கழற்றுங்கள், மாறினால் பேரிங் போச்சு. அப்புறம் கீழிருந்து கட்டை கொடுத்து மேலே தள்ளுங்கள். ராடோடு பிஸ்டன் மேல்வழியாகத்தான் வரும், அதனால் லைனர் உச்சியில் இருக்கிற கரி வளையத்தை முன்னாடியே சுரண்டிவிடுங்கள். கேஸ் வைத்துச் சுடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கல்லல் சம்சாரி:
தட்டியதிலேயே பிஸ்டன் அசைந்துவிட்டது அண்ணே, சேம்பரைத் தொடவே இல்லை! லைனரில் புள்ளி புள்ளியாகக் குழி இருக்கிறது. ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) போதுமா?

தேவகோட்டை டீசல்:
நகத்தால் வருடிப் பாருங்கள். மாட்டினால் ஹோனிங் வீண்செலவு, ஆயில் குடித்துப் புகைதான் கக்கும். லைனர், பிஸ்டன், ரிங் செட்டாக மாற்றிவிடுங்கள், மூன்றுக்குமே. லைனரை லேத்தில் கொடுத்தே இறக்குங்கள், வீட்டில் அடித்து ஏற்ற வேண்டாம்.