12 வயசுப் பெண் கைகாட்டினால் தூக்கா? (சேலம், 1692)

மழைக்காகம்:
நம்ம மாம்பழச் சேலம் இல்லீங்க, மாசசூசெட்ஸ் சேலம். 1692-ல் வலிப்பு வந்த பெண் பிள்ளைங்க கைகாட்டி, சூனியம் வெச்சாங்கன்னு 19 பேரைத் தூக்கில் போட்டிருக்காங்க. குற்றம் சாட்டினதில் முக்கியமானவ ஆன் பட்னம், வயசு 12. பெரியவங்க முன்னாடி பிள்ளைங்க வாயே திறக்கக்கூடாதுங்கிற பியூரிட்டன் (ரொம்பக் கறாரான கிறிஸ்தவப் பிரிவு) ஊரில், இந்தச் சின்னப் பெண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

கோதுமைப்பூ:
ரை தானியத்தில் ஒரு பூஞ்சை விஷம் உண்டு. சாப்பிட்டா வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அதுதான் காரணம்னு படிச்ச ஞாபகம்.

பழைய பெஞ்ச் கிளார்க்:
பூஞ்சைக்கு மனு எழுதத் தெரியாதே தம்பி!

31 வருஷம் கீழ்க்கோர்ட்டில் குப்பை கொட்டினவன் நான். கேஸ் கட்டைப் பிரிச்சதும் கையெழுத்துப் போட்டது யாருன்னு பார்க்க மாட்டேன், மனுவை எழுதினது யாருன்னுதான் பார்ப்பேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரே ஆள் எழுதினா, பத்து பேர் புகாரிலும் "ஆபாச வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து"ன்னு அதே வரி வரும். கமாகூட மாறாது.

சேலம் காகிதங்கள் ஸ்கேன் செஞ்சு இணையத்தில் கிடக்கு. பொழுது போகாம உட்கார்ந்து பார்த்தேன். நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே கை. தாமஸ் பட்னம், அந்தப் பெண்ணோட அப்பா. மகள் சொன்னது, பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது, எல்லாத்துலயும் "இவள் சூனியக்காரி என்று என் மனதார நம்புகிறேன்"ங்கிற பாணி வரி திரும்பத் திரும்ப வருது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் வயித்தைக் கலக்கிடுச்சு.

பிப்ரவரி 29 அன்னிக்கு முதல் வாரண்ட் கேட்டுப் போனதும் பிள்ளைங்க இல்லை. நாலு ஆம்பளைங்க. அதில் இவரும் இவர் தம்பியும் உண்டு. அப்பா சொத்தில் நல்ல பங்கு இளையாள் மகனுக்குப் போன வயித்தெரிச்சல் ஒரு பக்கம். டாப்ஸ்ஃபீல்டு ஊர்க்காரங்களோட நிலத் தகராறு இன்னொரு பக்கம். தூக்கில் தொங்கின ரெபெக்கா நர்ஸ் (நர்ஸ்ங்கிறது குடும்பப் பேர்) பிறந்த குடும்பம் டாப்ஸ்ஃபீல்டு.

போதகர் சாமுவேல் பாரிஸுக்கும் கணக்கு இருந்தது. 1691 அக்டோபரில் அவர் சம்பளத்துக்கு வரி போட மாட்டோம்னு ஊர்க் கமிட்டி சொல்லிடுச்சு, விறகுகூட ஒழுங்கா வரலை. முதல்ல வலிப்பு வந்தது அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். அவர் மேடையேறி "உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான்"ங்கிற வசனத்தை எடுத்தார். ரெபெக்காவின் தங்கை சாரா எழுந்து வெளியே போனா, கதவு படார்னு சாத்திக்கிச்சு. சீக்கிரமே அவ பேரும் மனுவில் ஏறியது.

மழைக்காகம்:
சார், ஊரில் ஒருத்தர்கூடவா எதிர்க்கலை?

நாலாம்தெரு:
எதிர்த்தாங்க. ரெபெக்கா நல்லவங்கன்னு 39 பேர் எழுதிக் கொடுத்தாங்க. ஜூரியும் முதல்ல குற்றமில்லைன்னுதான் சொன்னது. உடனே அந்தப் பெண்கள் போட்ட கூச்சலில், தலைமை நீதிபதி ஸ்டௌட்டன் மறுபடி யோசிக்கச் சொன்னார். ஜூரி ஒரு விளக்கம் கேட்டது. 71 வயசு அம்மாவுக்குக் காது மந்தம், பதிலே சொல்லலை. தீர்ப்பு மாறிடுச்சு. அதோட, நான் சூனியக்காரிதான்னு ஒத்துக்கிட்டு நின்னவங்க யாரும் தூக்கில் தொங்கலை, மறுத்தவங்கதான் செத்தாங்க. ஒத்துக்கிட்டா இன்னும் நாலு பேரைக் காட்டிக் கொடுக்கணும். அப்புறம் யார் வாயைத் திறப்பாங்க?

மழைக்காகம்:
அப்போ ஆன் வெறும் பொம்மையா?

பழைய பெஞ்ச் கிளார்க்:
அப்படி முழுசா விட்டுடவும் மனசு வரலை. அப்பா 1699-ல் செத்துட்டார். 1706-ல் அவ சபைக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்டா. வன்மமோ கோபமோ இல்லை, சாத்தான் ஏமாத்திட்டான்னு. ரெபெக்காவையும் அவங்க ரெண்டு தங்கைகளையும் தனியா எடுத்துச் சொன்னா. அதையும் அவ வாசிக்கலை. அடுத்து வந்த போதகர் வாசிச்சார், இவ எழுந்து நின்னா.

அந்தக் காகிதத்தையும் தேடிட்டு இருக்கேன், யார் கையெழுத்துன்னு பார்க்க.