கல்பாக்கத்தில் புராஜெக்ட்: அணு இயற்பியல் படித்தவன் எஃகுத் துண்டை ஏன் ஆராய வேண்டும்?

கடைசி_செமஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். விருப்பப் பாடம் அணுக்கரு இயற்பியல், ஷெல் மாடல், பீட்டா சிதைவு என்று ஆசையாகப் படித்தேன். இப்போது கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் புராஜெக்ட் செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் கொடுத்த தலைப்பைப் பார்த்தால் ‘டி9 எஃகில் அயனிக் கதிர்வீச்சால் வரும் வெற்றிட வீக்கம்’. எஃகு! அணு ஆராய்ச்சி மையத்துக்குப் போய் இரும்புக்கடை வேலை பார்க்கவா என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அங்கே அணு இயற்பியலே கிடையாதா, இல்லை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா? தலைப்பை மாற்றிக் கேட்கலாமா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பீம்லைன்:

தம்பி, தயவுசெய்து மாற்றிக் கேட்காதே. நான் அங்கே பிஎச்டி செய்தவள், இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், எனக்கும் முதல் மாதம் இதே குறைதான்.

அது 1971-இல் உலை ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் தொடங்கிய இடம், 1985-இல்தான் இந்திரா காந்தி பெயர் வந்தது. அதன் வேலையே வேக ஈனுலை, அதாவது ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை. உள்ளே நியூட்ரான் வேகம் குறையாமல் ஓடும். அப்படி ஓடுகிற நியூட்ரான் ஒன்று எஃகிலிருக்கும் ஓர் இரும்பணுவை மோதினால் அந்த அணு தன் இடத்தை விட்டுக் கிளம்பி வழியில் இருக்கிற நூற்றுக்கணக்கான அணுக்களையும் இடித்துத் தள்ளிவிடும். பெரும்பாலானவை உடனே திரும்பி உட்கார்ந்துவிடும், சில உட்காராது. உட்காராதவை மற்ற அணுக்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடைச்செருகலாக ஒரு பக்கம் போகும், அவை விட்டுப்போன காலியிடங்கள் இன்னொரு பக்கம் மிஞ்சும். இடைச்செருகல் அணுக்களை உலோகத்துக்குள் இருக்கும் இடப்பெயர்வுக் கோடுகள், அதாவது அணு வரிசை பிசகிய கோடுகள், கொஞ்சம் கூடுதல் ஆசையோடு இழுத்துக்கொள்ளும், அதனால் காலியிடங்கள் கணக்கில் மிச்சப்பட்டு, ஒன்றோடு ஒன்று சேர்ந்து நானோமீட்டர் அளவில் பொத்தல்களாகும். கெட்டியான எஃகு பஞ்சு மாதிரி உப்பும். 1966 வாக்கில் ஸ்காட்லாந்தின் டவுன்ரே வேக உலையிலிருந்து எடுத்த எஃகில்தான் முதலில் பார்த்தார்கள், 1967-இல் கட்டுரையாக வந்தது. அதுவரை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. இது அணு இயற்பியல் இல்லையென்றால் வேறு எது?

உன் வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். 1.7 மெகாவோல்ட் டாண்டெட்ரான் என்று ஒரு முடுக்கி உண்டு. விரல்நகம் அளவு எஃகுச் சில்லைக் கண்ணாடி மாதிரிப் பாலிஷ் செய்து, பாதியை மெல்லிய தகட்டால் மூடி, வெற்றிடக் கலத்தில் ஐந்நூறு அறுநூறு டிகிரிக்குச் சூடாக்கி, நிக்கல் அயனிகளை அடிப்பார்கள். மூடாத பாதி உப்பும், மூடிய பாதி அப்படியே இருக்கும். அப்புறம் மேலே ஒரு ஊசியை மெதுவாக ஓட்டினால் நடுவில் ஒரு படி தெரியும், சில பத்து நானோமீட்டர் உயரம்தான். அந்தப் படியின் உயரத்திலிருந்து வீக்கத்தைக் கணக்கிடலாம். என் முதல் சில்லில் 60 நானோமீட்டர் படி வந்ததும் ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால் நான் பாலிஷ் செய்த லட்சணத்தில் அந்தப் பக்கம் முழுக்கவே மேடுபள்ளம், பீம் படாத ஓரத்திலும் அதே உயரத்தில் நாலு படி!

பழைய_ஃபவுண்டரி:

இரும்புக்கடை என்று சொன்ன அந்த நண்பர்களை இங்கே கூட்டி வா தம்பி. முப்பது வருடம் ஸ்டீல் பிளான்டில் இருந்தவன் நான், அணு உலையில் வேலை பார்த்ததில்லை, ஆனால் இந்த டி9 கதையை ஆர்வமாகத் தொடர்ந்து படித்து வந்திருக்கிறேன்.

வேக உலையில் எரிபொருள் எவ்வளவு நாள் உள்ளே இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எரிபொருள் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் எஃகு உறைக்குழாய். உள்ளே சரக்கு இன்னும் பாக்கி இருக்கும், குழாய் உப்பி, குழாய்க் கட்டைச் சுற்றியிருக்கும் அறுகோணப் பெட்டி வளைந்து, வெளியே இழுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும் நிலைமை வந்துவிடும் என்பதால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டியிருக்கும். அரிசி மூட்டையில் பாதி இருக்கும்போதே கோணி கிழிகிற கதை. அதிக நாள் எரித்தால் அதே எரிபொருளிலிருந்து அதிக மின்சாரம், மறுசுழற்சிச் செலவும் குறையும். அதனால்தான் எஃகின் கலவையில் அரை சதவீதம் கூடக் குறையப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள்.

கல்பாக்கத்தின் சோதனை வேக உலை, எஃப்பிடிஆர், 1985 அக்டோபர் 18-இல் முதன்முதலாகத் தொடர்வினை நிலைக்கு வந்தது. பிரான்ஸின் ராப்சோடி உலையை ஒட்டிய வடிவம். ஆனால் எரிபொருள் நம்முடைய வழி: உயர் செறிவு யுரேனியம் கிடைக்காததால் புளுட்டோனியம், யுரேனியம் இரண்டின் கார்பைடையும் கலந்து போட்டார்கள், அதில் 70 சதவீதம் புளுட்டோனியம் கார்பைடு. அந்த எரிபொருள் டன்னுக்கு 165 ஜிகாவாட்-நாள் வெப்பம் தரும் வரை எரிந்தது, அந்த உறை எஸ்எஸ் 316 என்ற துருப்பிடிக்காத எஃகு, இருபது சதவீதம் குளிர்நிலையில் இழுத்தது. குளிரில் இழுத்தால் உள்ளே இடப்பெயர்வுகள் நிறைய உண்டாகும், அந்த அக்கா சொன்ன காலியிடங்கள் போய்ச் சேர இடம் கிடைக்கும், உப்புவது தள்ளிப்போகும். பக்கத்திலேயே கட்டிய 500 மெகாவாட் முன்மாதிரி உலைக்கு டி9: குரோமியம் 15, நிக்கல் 15, கொஞ்சம் டைட்டானியம். டைட்டானியம் கார்பனோடு சேர்ந்து பொடிப்பொடியாகப் படிந்து காலியிடத்தையும் ஹீலியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே போகும்போது 397 டிகிரி, வெளியே வரும்போது 547 டிகிரி, அப்படிச் சோடியம் ஓடுகிற இடத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் அந்தக் குழாய். சுவரின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. இதையா இரும்புக்கடை என்கிறார்கள்?

சந்தேகப்பிராணி:

எல்லாம் சரி, ஆனால் தம்பிக்கு ஒரு பக்கம் மட்டும் சொல்கிறீர்கள். அயனி அடித்துப் பார்ப்பதும் நியூட்ரானும் ஒன்றில்லை. உலையில் ஒவ்வோர் அணுவும் சராசரியாக நூறு தடவை இடம்பெயர, அதாவது 100 டிபிஏ, சுமார் மூன்று வருடம் ஆகும். முடுக்கியில் அதை ஒரு நாளில் முடித்துவிடுகிறீர்கள், ஆயிரம் மடங்கு வேகம். காலியிடம் நகர்ந்து சேர நேரமே கொடுக்காமல் அடித்துவிட்டு, அதே வெப்பநிலையில் அதே வீக்கம் என்றால் எப்படி நம்புவது? அயனி போகும் ஆழமும் ஒன்றரை மைக்ரான்தான், மேற்பரப்பே காலியிடத்தை விழுங்கிவிடும். இதில் வருகிற எண்ணை வைத்து உலை வடிவமைப்பேன் என்றால் நான் அந்தப் பக்கம் குடியிருக்க மாட்டேன்.

பீம்லைன்:

குடியிருப்பதைப் பற்றி அனுபுரம், கல்பாக்கம் டவுன்ஷிப்காரர்கள் பதில் சொல்லட்டும்.

வாதம் சரிதான், நாங்களும் அதை மறைக்கவில்லை. வேகமாக அடித்தால் வீக்கம் உச்சத்துக்கு வரும் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல்கூட மேலே நகர்ந்துவிடும், அதனால் ஒரே வெப்பநிலையில் நிற்காமல் பல வெப்பநிலைகளில் அடித்து முழு வளைவையும் எடுப்போம். உலையில் நிக்கல் நியூட்ரானை வாங்கி ஹீலியம் உமிழும், முடுக்கியில் அது நடக்காது, எனவே முதலில் ஹீலியத்தைத் தனியாகச் செலுத்திவிட்டு அப்புறம் நிக்கல். ஆனால் இதில் தேடுவது உலைக்கான கடைசி எண் இல்லை. பத்துக் கலவை கையில் இருக்கிறது, எது உப்பும், எது உப்பாது என்று ஒரு வாரத்தில் வடிகட்ட வேண்டும், அவ்வளவுதான். தேறியது உலைக்குள் போகும். வெளியே வந்தபின் அது கதிரியக்கத்தோடு இருக்கும், ஈயக் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று இயந்திரக் கையால்தான் வெட்டிப் பார்க்க முடியும். என் சில்லை நான் பர்ஸில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

சந்தேகப்பிராணி:

வடிகட்ட மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். பர்ஸ் விஷயம் பொதுவெளியில் எழுதவேண்டாமே!

கடைசி_செமஸ்டர்:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு கேள்வி. ஊசி ஓட்டினால் மொத்த வீக்கம்தானே தெரியும், பொத்தலே உண்டாகாத ஆரம்ப நிலையை எப்படிப் பார்ப்பது? பாசிட்ரான் என்று ஒரு வார்த்தை தலைப்புக் குறிப்பில் இருந்தது.

பீம்லைன்:

அட, உன் பீட்டா சிதைவு அங்கேதான் இருக்கிறது! சோடியம்-22 பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகளை, உமிழும்போது கூடவே 1.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா ஒன்றும் வரும். அது வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். பாசிட்ரான் உலோகத்துக்குள் அலைந்து ஏதாவது எலக்ட்ரானைச் சந்தித்து அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா வரும், கடிகாரத்தை நிறுத்து. குறையில்லாத இரும்பில் இந்த ஆயுள் சுமார் 110 பிகோ நொடி. காலியிடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கே எலக்ட்ரான் குறைவு, அதனால் 175 பக்கம் போகும். பெரிய பொத்தல் என்றால் 400-ஐயும் தாண்டும். மைக்ரோஸ்கோப்பில் எதுவுமே தெரியாத நிலையிலும் ஒரே ஓர் அணு இல்லாத இடத்தை இது காட்டிக்கொடுக்கும். டைட்டானியம் கார்பைடு எந்த வெப்பநிலையில் படியத் தொடங்குகிறது என்பதைக்கூட இதில் பிடிக்கலாம்.

பழைய_ஃபவுண்டரி:

இன்னும் அணு வேண்டும் என்றால் மதிய இடைவேளையில் காமினியைப் பற்றி விசாரி. 30 கிலோவாட் குட்டி உலை, 1996-இல் இயங்கத் தொடங்கியது, தோரியத்திலிருந்து செய்த யுரேனியம்-233-இல் ஓடுவது. இஸ்ரோ ராக்கெட்டில் பாகங்களைப் பிரிக்க வெடிக்கும் சிறு கருவிகள் இருக்குமே, உலோக உறைக்குள் மருந்து ஒழுங்காக நிரம்பியிருக்கிறதா என்று அங்கே நியூட்ரான் படம் எடுத்துப் பார்ப்பார்கள். எக்ஸ்ரேக்கு உலோகம்தான் பளிச்சென்று தெரியும், நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் உள்ள மருந்து தெரியும்.

ஜெஸ்ட்_எழுதியவன்:

புராஜெக்ட் முடிந்து பிஎச்டி யோசனை இருந்தால் ஜெஸ்ட், கேட், நெட் தேர்வுகளில் ஒன்றை இந்த வருடமே எழுதிவிடு, புராஜெக்ட் செய்தேன் என்பதற்காக நேரடியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லூரியிலேயே இருந்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு யுஜிசி-டிஏஇ (பல்கலைக்கழக மானியக் குழு, அணுசக்தித் துறை) கூட்டமைப்பின் கல்பாக்கம் கிளை ஒன்று இருக்கிறது, அதன் வழியாகவும் அங்குள்ள கருவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

கடைசி_செமஸ்டர்:

தலைப்பை மாற்றவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லி மெயில் வந்துவிட்டது. அக்கா, போவதற்கு முன் என்ன படிக்கட்டும்?

பீம்லைன்:

படிப்பதெல்லாம் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். உங்கள் கல்லூரி லேபில் எமரி தாள் இருந்தால் பழைய எஸ்எஸ் துண்டு ஒன்றை எடுத்து இந்த வாரம் முழுக்கத் தேய். தாளை மாற்றும்போதெல்லாம் துண்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பு, முந்தின தாளின் கோடு ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் போனபின்தான் அடுத்த தாள். நடுவில் விரலால் தொடாதே.