உறக்கத்தில் கனவோடு சேர்ந்து கை வீசுகிறார்: யாரிடம் காட்டுவது, அவரிடம் எவ்வளவு சொல்வது?

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 66. நான்கு ஆண்டுகளாக அவர் உறக்கத்தில் பேசுவதும், சில நாட்களில் உரக்கக் கத்துவதும் உண்டு. பகலில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியறியாதவர் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற மாதம் விடியற்காலை மூன்றரை மணியளவில் அவர் வீசிய கை என் கன்னத்தில் பலமாகப் பட்டது. கட்டிலருகே இருந்த முக்காலியும் சொம்பும் உருண்டன. தோளைத் தொட்டு எழுப்பியதும் சட்டென்று விழித்து, ஆட்டுக்குட்டியைக் கவ்வ வந்த நாயை விரட்டியதாகக் கனவு முழுவதையும் கோவையாகச் சொன்னார். என் கன்னத்தின் வீக்கத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அன்று முதல் கூடத்தில் பாய் விரித்துத் தனியே படுக்கிறார்.

நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் மன உளைச்சல் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னும் அதைத் தொடங்கவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு; பாத எரிச்சலுக்காக ஒன்றரை ஆண்டுகளாக டுலாக்ஸெடின் சாப்பிடுகிறார். குறட்டையும் இருக்கிறது. இது பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறி என்று படித்ததாக மகள் சொன்னதிலிருந்து எனக்கு உறக்கமில்லை. எந்த மருத்துவரிடம் போக வேண்டும்? அவரிடம் இதைச் சொல்வதா, மறைப்பதா?

நரம்பியல்_பயிற்சி:

வணக்கம் அம்மா. நான் நரம்பியலில் மேற்படிப்புப் பயில்கிறேன். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பது ரெம் உறக்க நடத்தைக் கோளாற்றோடு மிகவும் பொருந்துகிறது. நாம் அதிகம் கனவு காணும் ரெம் உறக்கத்தில், மூளைத் தண்டிலிருந்து செல்லும் கட்டளையால் கை கால் தசைகள் ஏறக்குறைய முழுமையாகத் தளர்ந்துவிடும். அந்தத் தளர்வு தவறும்போதுதான் கனவு உடலின் வழியாக வெளிப்படுகிறது. 1965-இல் பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளின் மூளைத் தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்தியபோது, அவை உறங்கிக்கொண்டே இல்லாத இரையின்மீது பாய்ந்தன. மனிதர்களில் இதைத் தனி நோயாக 1986-இல் வரையறுத்தவர்கள் மின்னியாபொலிஸ் நகரின் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் ஆகியோரின் குழுவினர். அவர்கள் விவரித்த ஐவருமே அறுபது வயதை எட்டியவர்கள். ஆகவே, இதை மன உளைச்சல் என்று சொல்லி முடித்துவிடக் கூடாது.

இரவின் பின்பாதியில் நிகழ்வதும், எழுப்பியவுடன் தெளிவதும், கனவு நினைவில் இருப்பதும் முக்கியமான தடயங்கள். உறக்கத்தில் அலறும் வேறு சில கோளாறுகள் பெரும்பாலும் முன்னிரவில் வரும். எழுப்பினாலும் குழப்பம் நீடிக்கும். டுலாக்ஸெடின் உள்ளிட்ட மனச்சோர்வு மருந்துகள் பல இக்கோளாற்றைத் தூண்டவோ மிகைப்படுத்தவோ கூடும். ஆனால் தொந்தரவு நான்கு ஆண்டுகளாகவும் மருந்து ஒன்றரை ஆண்டுகளாகவும் இருப்பதால், மருந்து மட்டுமே காரணம் என்று கொள்ள இயலாது. தயவுசெய்து அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். உறக்கக் கோளாறுகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் செல்லுங்கள். அருகில் வசதி இல்லையென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் தூக்க ஆய்வுக்கு ஏற்பாடு செய்யலாம்.

இரவுப்பணி:

நான் தூக்க ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் தொழில்நுட்பர். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறட்டை இருக்கிறது என்று நீங்கள் சொன்னவுடன், வீட்டிலேயே விரலிலும் மார்பிலும் மாட்டிக்கொள்ளும் சிறிய கருவியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்குமே தவிர, மூளை அலைகளையோ தசை இறுக்கத்தையோ பதியாது. ஆகையால் இந்தக் கோளாற்றை அதைக் கொண்டு உறுதி செய்ய முடியாது. தேவைப்படுவது ஆய்வுக்கூடத்திலேயே படுத்து, வீடியோப் பதிவுடன் இரவு முழுவதும் செய்யும் முழுமையான தூக்க ஆய்வு. தலையிலும் கண்ணருகிலும் மோவாயிலும் ஒட்டும் மின்முனைகளோடு, முன்கைகளிலும் ஒட்டும்படி முன்கூட்டியே கேளுங்கள்; மோவாய் அமைதியாக இருக்க, கைத்தசை மட்டும் துடிப்பதை நான் பலமுறை திரையில் பார்த்திருக்கிறேன். அன்றிரவு அவர் கத்தாவிட்டாலும் கவலை வேண்டாம். ரெம் உறக்கத்தில் தசை தளரவில்லை என்பது பதிவில் தெரிந்துவிடும்.

உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் கடுமையாக இருந்தாலும், விழிக்கும் தருணத்தில் ஒருவர் இதேபோலக் கை கால்களை உதறுவதுண்டு. மூச்சுக் கருவி பொருத்தியதும் அது அடங்கிவிடும். இக்கோளாற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் மருந்தான குளோனசெபாம் அந்த மூச்சடைப்பை மோசமாக்கலாம். தூக்க மாத்திரையைத் தொடங்காமல் வைத்திருப்பது நல்லதாயிற்று. நீங்கள் கைப்பேசியில் இரண்டு மூன்று இரவுகள் படம் எடுத்துச் சென்றால் மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

மொன்றியல்_வாசி:

சகோதரி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழ்பவன், வயது 71. எனக்கு இக்கோளாறு உறுதிப்பட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நித்திரையில் என் மனைவியின் கையைப் பிடித்து முறுக்கியவன் நான். ஆகவே உங்கள் கணவரின் கண்ணீர் எனக்கு விளங்குகிறது. அவர் பாயில் படுப்பது உண்மையில் மிகப் பாதுகாப்பானது. கூர்மையான பொருட்களையும் கண்ணாடிச் சாமான்களையும் அருகிலிருந்து அகற்றிவிடுங்கள். எனக்கு மெலடோனின் என்ற உறக்க ஹார்மோன் மாத்திரையே போதுமானதாக இருந்தது. குளோனசெபாம் பலருக்கு நன்கு வேலை செய்தாலும், முதியவர்களுக்குத் தள்ளாட்டமும் மறதியும் தரக்கூடும் என்று வைத்தியர் எனக்கு விளக்கினார்.

பார்க்கின்சன் பற்றிய உங்கள் பயம் ஆதாரமற்றது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பொஸ்டுமா தலைமையில், 24 ஆய்வு மையங்களைச் சேர்ந்த 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆண்டுதோறும் 6 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர் பார்க்கின்சன், லூயி உருண்டை மறதிநோய், அரிதாகப் பல மண்டலச் சிதைவு (மல்டிபிள் சிஸ்டம் அட்ரஃபி) ஆகிய மூளைச் சிதைவு நோய்களுள் ஒன்றுக்கு மாறினர். 12 ஆண்டுகளில் மாறுவோர் ஏறத்தாழ 73 சதவீதம் என்று கணித்தார்கள். வேறு அடிப்படைக் காரணம் எதுவும் காணப்படாதவர்களுக்கே அந்தக் கணக்கு. மருந்து தூண்டிய கோளாறானால் அபாயம் குறைவு என்கிறார்கள். ஆனால் அறவே இல்லை என்று சொல்வதில்லை.

நானும் ஓர் ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். அந்நோய்களின் ஆரம்ப அடையாளங்கள் தெரிகின்றனவா என்று பார்க்க ஆண்டுக்கொரு முறை போவேன். வாசனை அட்டைகளைச் சுரண்டி முகரச் சொல்வார்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் அளப்பார்கள். விரல்களை வேகமாகத் தட்டச் சொல்வார்கள். மலச்சிக்கலைப் பற்றியும் கேட்பார்கள். சென்ற முறை பழ வாசனை எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாதி எதுவும் பேசாமல் அடுத்த அட்டையைத் தந்தார். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் பிழையாக மடிந்து மூளையில் படிவதுதான் இந்நோய்களின் பொது அம்சம். முதுகுத்தண்டு நீரில் அதைக் கண்டறியும் சோதனை இப்போது வந்துவிட்டது. மாற்றத்தைத் தடுக்கும் மருந்து என்று நிறுவப்பட்டது எதுவும் இன்றுவரை இல்லை. ஆனால் அப்படியொன்றைச் சோதிக்க எங்களைப் போன்றவர்கள்தான் தேவை. உடற்பயிற்சியை எல்லா வைத்தியர்களும் வலியுறுத்துகிறார்கள்.

மறைப்பதா என்று கேட்டீர்கள். என் வைத்தியர் முதலில் கேட்டது, "எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்பதுதான். அதே கேள்வியை உங்கள் கணவரிடம் கேளுங்கள். அவருடைய உடம்பு பற்றிய செய்தி அது. நீங்களும் மகளும் அதைத் தனியே சுமப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

பொருநைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை திண்ணையில் அமர்ந்து அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆய்வின் முடிவு வரட்டும், பிறகு எல்லாவற்றையும் சொல்" என்றார். இரண்டு ஆண்டுகளாகவே ரசம் கொதிக்கும் மணம் தனக்குத் தெரிவதில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். சமையலைக் குறை சொன்னதாகிவிடும் என்று அதுவரை சொல்லாமல் இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். கைப்பேசியை முக்காலியின்மேல் எந்தக் கோணத்தில் வைத்தால் பாய் முழுவதும் படத்தில் விழும் என்று இன்று அவரே பார்த்து வைத்தார்.